மணக்குடிப் பொழியும் மரமீனும்

எண்பதுகளில், ஆறு கடலில் கலக்கும் மணக்குடிப் பொழியில் கொடுவாவுக்குத் தூண்டில் போட்டவர்கள் உயிர் இறாலையோ சின்ன மடவையையோ கோத்தார்கள். நானும் அண்ணனும் மட்டும் மரத்தில் செதுக்கிய மீனைப் போட்டோம். கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த ஒரு ராபலா தூண்டில் மீன்தான் அதற்கு மாதிரி. பின்லாந்துச் சரக்கு என்பதால் அது அம்மாவின் பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அளவு பார்க்க எடுத்துத் தருவாள். தண்ணீரில் போட விடமாட்டாள்.

அந்த மீனை முதலில் செய்த லௌரி ராபலா கடைச் சரக்கை நம்பி ஆரம்பித்தவர் அல்ல. 1936-ல் செருப்புத் தைக்கிற கத்தியாலும் உப்புத்தாளாலும் தக்கையைச் செதுக்கினார். சாக்லேட்டின் ஈயத்தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசித் தண்ணீர் புகாமல் அடைத்தார். அமெரிக்காவில் லைஃப் பத்திரிகை 1962-ல் அவரைப் பற்றி எழுதியது. மர்லின் மன்றோ இறந்ததையொட்டி வந்த அந்த இதழ் வீடு வீடாகப் போனதில், அவருடைய மீனும் கூடவே போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் நாங்களும் ஏறக்குறைய அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

எங்களுக்குக் கிடைத்த மரம் முள்முருங்கை. லேசானது, கத்திக்கு வசமானது. ஆனால் தண்ணீரை உறிஞ்சும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை நகத்தால் நீவி வயிற்றுப் பக்கம் ஒட்டுவோம். முதுகில் கிழிந்த கொசுவலைத் துண்டை இழுத்துக் கட்டி, பச்சை போஸ்டர் கலரைப் பஞ்சில் தொட்டு ஒற்றுவோம். வலையை மெல்ல உரித்தால் வரிசை வரிசையாகச் செதில் பதிந்திருக்கும்.

அதற்கு மேல்தான் உண்மையான வேலை. தெருவில் மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர் ஒருவர் இருந்தார். உடைந்த டேபிள் டென்னிஸ் பந்துகளைப் பொறுக்கி வரச் சொன்னார். துண்டு துண்டாக வெட்டி அசிட்டோன் புட்டியில் போட்டுவைத்தால் ராத்திரிக்குள் கரைந்து தேன் பதத்துக்கு வந்துவிடும். மூடியைத் திறந்தால் முதலில் நெயில் பாலிஷ் நெடி அடிக்கும், பின்னாலேயே கற்பூர வாசனை வரும். செல்லுலாய்டில் கற்பூரம் சேர்த்திருப்பதால் வருகிற வாசனை அது. சட்டென்று தீப்பிடிக்கிற பண்டம் என்பதால் விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு முன்பே புட்டி முற்றத்துக்குப் போய்விட வேண்டும். மீனை அதில் முக்கித் தொங்கவிட்டுக் காயவைப்போம், பிறகு மறுபடியும் முக்குவோம். அடியில் எனாமல் பெயிண்ட் இருந்தால் அசிட்டோன் அதைச் சுருக்கிவிடும் என்று எச்சரித்து, எங்களைப் போஸ்டர் கலருக்கு மாற்றியவரும் அவர்தான். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடக்கூடாது என்பார். அசிட்டோன் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் போல வெளுத்துவிடும்.

“மக்கா, தண்ணி தோல் வழியா வராது. ஆணி போன வழியாத்தான் வரும்” என்பார் அடிக்கடி. தூண்டில் மாட்டுகிற வளைய ஆணிக்குத் துளை போட்டதும், ஈர்க்குச்சியால் அதற்குள் பூச்சை விட்டுக் காயவைத்த பிறகே ஆணியைத் திருகுவோம். நீர் உள்ளே போனால் மரம் ஊதும், ஊதினால் மேல்பூச்சு வெடிக்கும், வெடித்த இடத்தில் இன்னும் நீர் ஏறும். அவ்வளவு பார்த்துச் செய்தும் எங்கள் மீன் ஒரு பருவத்துக்குமேல் தாங்காது. அந்தப் பருவம் முழுக்க அது தண்ணீரில்தான் கிடக்கும்.

இன்று என் மேஜையில் ஏர்பிரஷ் இருக்கிறது, எபாக்சி இருக்கிறது. பூச்சு ஒரு பக்கமாக வடியாமலிருக்க மீனை மெதுவாகச் சுற்றுகிற சின்ன மோட்டாரும் இருக்கிறது. சர்வதேச டேபிள் டென்னிஸ் போட்டிகளில் 2014 முதல் செல்லுலாய்டு அல்லாத பந்துகள் வரத் தொடங்கிவிட்டன. கற்பூரம் மணக்கிற புட்டிக்கும் இப்போது வழியில்லை. எபாக்சியும் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், அதற்கும் வெயில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சரியாகப் பூசினால் வருடக்கணக்கில் நிற்கும்.

அப்படி நிற்கிற மீன்கள்தான் இப்போது தண்ணீரைப் பார்ப்பதில்லை. அண்ணன் மகன் போனில் பிளாஸ்டிக் லூர் வரவழைத்துப் பொழியில் வீசுகிறான். பாறையில் சிக்கி அறுந்தால் இன்னொன்று வரும். என் மரமீனைக் கேட்டு வருகிறவர்கள் ஹாலில் கண்ணாடி அலமாரியில் வைக்கக் கேட்கிறார்கள். பீரோவில் கிடந்த கம்பெனி மீன் ஆற்றுக்கு வந்துவிட்டது, ஆற்றில் கிடந்த வீட்டு மீன் அலமாரிக்கு ஏறிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. “குழந்தைங்க இருக்காங்க, முள்ளு வேண்டாம் சார்” என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் வயிற்றில் தொங்குகிற அந்த மூன்று முள் தூண்டிலின் எடையையும் சேர்த்துத்தான் மீனுக்கு ஆட்டம் அமைகிறது. அது இல்லாவிட்டால் மீன் நீரில் சாய்ந்துவிடும்.

அதனால் அலமாரிக்கென்று கேட்டாலும் ஆணித் துளைக்குள் எபாக்சி விடாமல் நான் கொடுப்பதில்லை. தூண்டிலைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, எந்த வளையத்தில் எது என்று எழுதிவைக்கிறேன். பொழியில் வெள்ளம் ஏறுகிற நேரத்தையும் சொல்லி அனுப்புகிறேன்.