லின்ட்டுக்கு ஒரு கையேடு

சி மொழி நிரல்களில் ஓட்டை தேடும் லின்ட் கருவியை 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதினார். அதன் வழிவந்த ஈஎஸ்லின்ட், ரஃப் போன்றவற்றுக்கு மனிதரை நம்பி எழுதிய ஆவணங்களைப் புரட்டியவர் குறைவு. இப்போது அதே விவரம் ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற கோப்பில் ஏஐ முகவர்களுக்காக எழுதப்படுகிறது: எந்தக் கட்டளை, எந்தக் கோப்புறையில், எதைத் தொடக்கூடாது. புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

“பிழை பூஜ்யமாக வேண்டும்” என்று மட்டும் அந்தக் கோப்பில் எழுதினால் வந்தது வினை. ரஃப்பில், பிழையுள்ள வரியின் கடைசியில் ‘நோக்யூஏ’ என்று ஒட்டினால் சோதனை அந்த வரியைக் கண்டுகொள்ளாது. முகவர் அதைச் செய்துவிடும். பிழை அப்படியே, அறிக்கை சுத்தம். (வித்தை மனிதர் எழுதிய நிரல்களில் படித்ததுதான்.) ஆகவே கையேட்டில் இன்னொரு விதி: ஒட்டினால் காரணம் எழுதவும். முகவரும் பணிவாக எழுதும்: “சோதனையில் தேறுவதற்காக.”