ஐந்து ரூபாய் டாக்டர் வேண்டும், ஏசியும் வேண்டும்

வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் 2020இல் மறைந்தபோது ஊரே உருகியது. ‘இனி எங்கே கிடைப்பார் ஓர் ஐந்து ரூபாய் டாக்டர்?’ என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள், இன்று தெருமுனை கிளினிக்கில் உட்கார்ந்து ‘ஏசி ஓடலையா?’ என்று கேட்கிறார்கள்.

அந்த கிளினிக்கின் செலவுக் கணக்கு யாருக்கும் தெரியாது. வாடகை, கரண்ட் பில், கம்பவுண்டர் சம்பளம் போக, குப்பைக்கும் காசு. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை, பிளாஸ்டிக் குழாய்க்குச் சிவப்பு, ஊசிக்கு வெள்ளை டப்பா, கண்ணாடிக்கு நீலம். பொங்கல் கோலத்துக்கே இத்தனை வண்ணம் தேவைப்படாது. அள்ளிப்போக வருபவர்களுக்குக் கட்டணம் தனி.

அடுத்தது தொழில்நுட்பம். டோக்கனுக்கு ஆப் வந்துவிட்டது. ஆறு மணி டோக்கன்காரர் ஏழரைக்கு வந்து, ‘நான்தான் முதல்ல புக் பண்ணேன்’ என்று சண்டை பிடிப்பார். டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டினால் ‘முகத்தையே பார்க்கலை’. சீட்டில் எழுதினால் ‘இன்னும் அப்டேட் ஆகலை.’

தொலைமருத்துவ வழிகாட்டுதல் 2020 மார்ச்சிலேயே வந்துவிட்டது. போனில் பார்த்தாலும் டாக்டர் ஃபீஸ் வாங்கலாம், ரசீது தர வேண்டும் என்கிறது. நம் வழக்கம் வேறு: இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நாக்கின் படம், கீழே ‘சும்மா ஒரு டவுட் சார்.’

வாசகர்களே, நாக்கை அனுப்புங்கள், தப்பில்லை. கூடவே ஜிபேயில் ஃபீஸையும் அனுப்பிவிடுங்கள்.