மாப்பிள்ளை முகத்தில் கோடு

பெறுநர்: வாடிக்கையாளர் நலப் பிரிவு மேலாளர் சமூகம், மாபெரும் கைப்பேசி நிறுவனம்.
அனுப்புநர்: கத்திவாக்கத்தில் குடியிருக்கும் ஒரு வாடிக்கையாளன்.

பேரன்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உறவுமுறை வைத்து அழைப்பதற்கு மன்னிக்கவும். உங்கள் போனை வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்றுதான் பேர். இன்னும் இ.எம்.ஐ. முடியவில்லை. பெட்டியைத் திறந்தால் சார்ஜர்கூட இல்லை. மாப்பிள்ளை வெறுங்கையோடு வருவதுதானே மரபு என்று அதையும் நாங்களே வாங்கிப் போட்டோம்.

நேற்று மாப்பிள்ளையை உங்கள் சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப் போனேன். திரையில் குறுக்காக ஒரு கோடு. கவுன்டரில் இருந்த தம்பி போனைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "ஸ்க்ராட்ச்செல்லாம் வாரண்டில வராது சார்." சரி என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "எந்த ஏரியா சார் நீங்க?" எண்ணூர்ப் பக்கம் என்றேன். "அதானே பார்த்தேன்" என்றார், வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி. ஜாப் ஷீட்டில் 'காஸ்மெட்டிக் டேமேஜ்' என்று எழுதி, கீழே என்னிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். திருடியவன் போல் போட்டுக் கொடுத்தேன்.

தம்பி மேல் வருத்தமில்லை. சம்பந்தி வீட்டில் கற்றுக்கொடுத்ததைத்தானே அவர் சொல்வார்.

விளம்பரத்தில் மாப்பிள்ளை அருவியில் குளிக்கிறார், பனிமலை ஏறுகிறார், பாலைவனத்தில் புழுதி பறக்க பைக் ஓட்டுகிறார். வீரன்தான். கத்திவாக்கத்தில் சட்டைப்பைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால்தான் முகம் கிழிகிறது. உறுதியான கண்ணாடி என்று பெட்டி மேலேயே போட்டிருக்கிறீர்கள். அதை நம்பாமல் உங்கள் கடையிலேயே ஒரு டெம்பர் கிளாஸும் விற்கிறீர்கள். அது ஏன் என்று கேட்கிற துணிச்சல் பெண் வீட்டாருக்கு ஏது?

கொஞ்சம் படித்துப் பார்த்தேன் சம்பந்தி. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்க மோஸ் என்ற ஜெர்மானியர் 1812இல் ஓர் அளவுகோல் போட்டுவைத்தார். வைரம் பத்து. உங்கள் கண்ணாடி ஆறை ஒட்டி நிற்கும். சாவிக்கொத்து அதற்கும் கீழே என்பதால் மாப்பிள்ளையைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. கடற்கரை மணலிலும் அது உண்டு, அனல் மின் நிலையச் சாம்பலிலும் உண்டு. கடலோரத்தில் வாழும் கோடிக்கணக்கான பேரின் சட்டைப்பையில் என்ன இருக்கும் என்று உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வாரண்டி அட்டையில் கீறலுக்குப் பொறுப்பில்லை என்ற வரியைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் குலத்துப் பெரிய வீடான ஆப்பிள் கதையும் எனக்குத் தெரியும். 2005 செப்டம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் ஜீன்ஸின் குட்டிப் பையிலிருந்து ஐபாட் நானோவை எடுத்துக் காட்டினார். அரங்கமே கைதட்டியது. ஜனங்களும் அதே மாதிரிப் பையில் போட்டார்கள், திரை முழுக்கக் கீறல். கவலையாக இருந்தால் உறை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றது நிறுவனம். வழக்கு வந்தது. 2009இல் 2.25 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். பாடம் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? 2016இல் பளபளக்கும் கறுப்பு ஐபோன் 7 வந்தபோது, பயன்படுத்தினால் நுண்கீறல் விழலாம், கவலை இருந்தால் உறை போடுங்கள் என்று விற்கும்போதே அச்சடித்துக் கொடுத்தார்கள்.

நடுவில் 2007இல் ஒன்று நடந்தது. முதல் ஐபோனை ஜனவரியில் மேடையில் காட்டும்போது பிளாஸ்டிக் திரை. தம் பையில் சாவியோடு கிடந்ததில் கீறல் விழுந்துவிட்டதென்று ஜாப்ஸ் கொதித்துப் போனதாக நியூயார்க் டைம்ஸ் பின்னால் எழுதியது. ஜூனில் கடைக்கு வரும்போது கண்ணாடி. முதலாளி பையில் கீறினால் பொருளில் கோளாறு, என் பையில் கீறினால் எனக்குப் போன் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

ஏரியா பற்றியும் ஒரு வார்த்தை. ராயபுரம் பக்கம் வீடெல்லாம் கரி படிகிறது என்று, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வதை 2011இல் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. நல்ல தீர்ப்பு. நிலக்கரி எங்கே போயிற்று? எங்களிடம்தான், எண்ணூர்த் துறைமுகத்துக்கு. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலக்கிறது, சாம்பல் குட்டையை ஒட்டி வாழும் செப்பாக்கத்தில் அது சோற்றில் விழுகிறது. எங்கள் நெஞ்சில் அடைக்கும் தூசிக்கு ஒரு ஜாப் ஷீட் போடக்கூட ஆளில்லை. அந்த மின்சாரத்தில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்து ஏரியா கேட்பீர்களா? கேட்க வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும் சம்பந்தி. பெண் வீட்டார் குரல் உயர்த்தக் கூடாது, மறந்துவிட்டேன்.

சட்டம் என்று மிரட்டவில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளென்றால் கட்டணம் இல்லை. ஆனால் குறை இருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்க வேண்டிவந்தால், அந்தச் செலவை முதலில் மனுதாரரையே கட்டச் சொல்லலாமாம். மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று பார்க்கும் டாக்டர் பீஸும் பெண் வீட்டுக் கணக்கில்தான். எத்தனை பேர் ஒரு கோட்டுக்காக அவ்வளவு தூரம் போவார்கள் என்ற கணக்கு உங்களிடம் இருக்கும்.

எனவே ஒரே ஒரு விண்ணப்பம். மறுவீட்டு விருந்து இன்னும் பாக்கி இருக்கிறது. உங்கள் பரிசோதனைப் பிரிவுத் தலைவர் புதுப் போனுடன் வந்து ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கட்டும். காலையில் பேருந்து நிறுத்தத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், மாலையில் கடற்கரைக்குப் போகட்டும், போனைச் சட்டைப்பையில் போட்டு எடுக்கட்டும். காசிமேட்டு வஞ்சிரம் என் செலவு. கீறல் விழாமல் திரும்பினால் மனுவைக் கிழித்துப் போடுகிறேன்.

மாப்பிள்ளை கவர் போடாமல் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள பெண் வீட்டான்