தீபாவளிப் பரிசு: உள்ளூர் வியாபாரியை வாழவைக்கும் வழிமுறைகள்

முதல் வேலையாக, "இந்த தீபாவளிக்குச் சின்னக் கடைகளில்தான் வாங்கப்போகிறேன்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுவிடுங்கள். பாதி கடமை முடிந்தது. மீதியைப் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். திருநீர்மலையில் குடியிருப்பவருக்கு என்ன அவசரம்? பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், தாம்பரம் எல்லாவற்றையும் 2021 நவம்பரில் ஒரே மாநகராட்சியாக்கி நம்மையும் அதில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் எங்கே வாங்கினாலும் அது உள்ளூர்க் கடைதான்.

மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால், அது வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்கிறது தலவரலாறு. அதே மலையில்தான் தமிழ் சினிமாவின் காதலர்கள் மூச்சு வாங்க ஓடிவந்து அவசரத் தாலி கட்டுகிறார்கள். பரிசு வாங்கும் விஷயத்தில் இரண்டாவது வழியைப் பின்பற்றுவதே இந்த ஊர் வழக்கம்.

துணியிலிருந்து ஆரம்பிப்போம். அனகாபுத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு தெரிந்துகொள்வது நல்லது, தறிக்காரரிடமே அதைச் சொல்லலாம். ஒரு காலத்தில் அங்கே நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. பேர்தான் கைக்குட்டை. வாங்கியவர்கள் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனார்கள். 1970களில் அந்தச் சந்தை மூடிக்கொண்டது, தறிகளின் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. மிஞ்சிய சிலர் வாழைநார், சணல், கற்றாழை, அன்னாசி நார் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நூலாக்கிப் பார்த்தார்கள். 25 வகை இயற்கை நாரை வைத்து ஒரே புடவை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்திலும் ஏறினார்கள்.

வாழைநார் பருத்தி நூல் மாதிரி முடிவில்லாமல் நீள்வதில்லை. மட்டையை உரித்துச் சீவினால் மட்டையின் நீளத்துக்குத்தான் நார் வரும். அதை இழை இழையாகப் பிரித்து, ஒன்றின் நுனியை இன்னொன்றின் தலையோடு கையால் முடிச்சுப் போட்டுச் சேர்க்க வேண்டும். முடிச்சு பெரிசானால் தறியில் மாட்டும், சின்னதானால் அவிழும். ஒரு புடவைக்கு எத்தனை முடிச்சு என்று முடிச்சுப் போடுகிற அம்மாவிடம் கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த கேள்வியைப் போடுங்கள்: "வாழை மட்டைய சும்மாதானே தூக்கிப் போடுறாங்க, அப்புறம் ஏன் இவ்ளோ விலை?"

கைத்தறிதானா என்று சோதிக்கவும் வழி இருக்கிறது. துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கத் தறியில் ஒரு கோல் வைப்பார்கள். அதன் ஊசி குத்திய பொடித் துளைகள் இரண்டு கரையோரத்திலும் வரிசையாகத் தெரியும். கைத்தறி முத்திரை 2006இலிருந்து இருக்கிறது, அதையும் பார்க்கலாம். இரண்டையும் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு, "வீட்டுல கேட்டுட்டு வரேன்" என்று கிளம்புங்கள். அதே நிறத்தில் பவர்லூம் புடவை தாம்பரம் சண்முகம் சாலையில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். புடவையைக் கொடுக்கும்போது வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும், யார் கரையைப் பார்க்கப்போகிறார்கள்?

குரோம்பேட்டைப் பக்கம் தோல் பர்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. ஊருக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். அங்கே தலைமுறையாகத் தோல் தைப்பவரிடம் தீக்குச்சியைக் கொளுத்திக்கொண்டே "ஒரிஜினலாண்ணே?" என்று கேளுங்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். செடி, தொட்டி, பழைய ரேடியோ, கால் உடைந்த நாற்காலி, அந்தக் காலுக்குத் தனி விலை என்று எல்லாம் கிடைக்கிற இடம். பேரம் பேசுவார்கள் என்று தெரிந்தே விலை சொல்கிறார்கள், நாமும் தெரிந்தே பாதியில் ஆரம்பிக்கிறோம். அங்கே கௌரவம் இரண்டு பக்கமும் சமம். ஐப்பசி மழையில் சேற்றில் நின்று நந்தியாவட்டைக் கன்றுக்கு விலை கேட்பது நல்ல தீபாவளிப் பரிசின் தொடக்கம் என்றே நினைக்கிறேன். விஷயத்துக்கு வருவோம்.

பலகாரம். ஆர்டர் எடுத்துச் செய்கிற ஓர் அக்கா தெருவுக்குத் தெரு இருப்பார். ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள்.

"அக்கா, கை முறுக்கு நூறு, அதிரசம் அம்பது. காலையில ஏழு மணிக்கு வேணும்."

"நாளைக்கா? பாகு ஊத்தின மாவு ஒரு நாளாவது ஊறணுமே தம்பி."

"நீங்க நெனச்சா முடியும்க்கா." இந்த வாக்கியத்துக்குச் செலவே இல்லை.

அதிரசத்தை விட்டுவிட்டு முறுக்குக்கு ஒப்புக்கொள்வார். முடிந்தால் அவர் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். துணியை விரித்து, அரிசி மாவும் உளுத்தம் மாவும் சேர்த்துப் பிசைந்ததை விரல் நுனியில் எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முறுக்கி முறுக்கி இறக்குவார். ஒரு சுற்று முடிந்தால் அதை ஒட்டியே அடுத்தது. ஐந்து சுற்று, ஏழு சுற்று. அச்சு கிடையாது. மாவு காய்ந்தால் விரிசல் விடும், தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினால் முறுக்கு நிற்காது. நூறாவது முறுக்குக்கு அவர் விரல் மரத்திருக்கும். "ஒண்ணு பதினஞ்சா? பன்னெண்டு போட்டுக்குங்கக்கா, மாவுதானே" என்று சொல்ல அதுதான் சரியான நேரம்.

இப்படி மிச்சம் பிடித்த முந்நூறு ரூபாயை என்ன செய்வது என்று கவலை வேண்டாம். அதே முறுக்கை மைத்துனர் வீட்டுக்கு அனுப்பும் செயலி டெலிவரிக் கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், மழைக் கட்டணம் என்று தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். அங்கே பேரம் பேச நினைப்பவர்கள் கவனிக்க: திரையில் அதற்குப் பொத்தான் இல்லை.

ஆபீஸுக்கு வாங்குகிறவர்கள் அக்காவிடம் ஜிஎஸ்டி பில் கேட்க மறக்காதீர்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத சரக்கு வியாபாரிக்குப் பதிவே பொதுவாகத் தேவையில்லை என்பதெல்லாம் உங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரியாது. வீட்டில் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து 14 இலக்க எண் வாங்க வேண்டும் என்பது நிஜம்தான், கேட்பதில் தப்பே இல்லை. அதே கண்டிப்போடு பெரிய கடைப் பெட்டியைத் திருப்பி, செய்த தேதியைப் பார்க்கிற பழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை. பெட்டி கனமாக இருக்கிறதல்லவா, போதும்.

இன்ஸ்டாகிராம் கடைகளும் சின்ன வியாபாரம்தான். அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. விலை தெரிய டிஎம் பண்ண வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது ஆரம்பத்திலிருந்து வெட்டாமல் வீடியோ எடுத்திருந்தால்தான் உடைந்த விளக்குக்கு மாற்று கிடைக்கும். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் போன், பார்சலைப் பிடிக்க மாமியார் என்று குடும்பமே சேர்ந்து செய்யும் பண்டிகைச் சடங்கு இது.

எல்லாம் வாங்கிய பிறகும் ஒரு பரிசு குறைந்தால் நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். "தீபாவளி மருந்துச் சாமான்" என்றாலே போதும். கண்டந்திப்பிலி, அரிசித் திப்பிலி, சித்தரத்தை, சுக்கு, ஓமம், தனியா என்று அவரே நிறுத்துக் கட்டிக் கொடுப்பார். வீட்டில் இடித்து, வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறினால் லேகியம். இனிப்புப் பெட்டி நான்கு வீடு மாறிப் போகும். லேகியத்தை யாரும் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவதில்லை, பண்டிகை மத்தியானத்தில் அதற்குத் தேவை வந்துவிடும்.

கடைசியாக பேக்கிங். அக்கா நியூஸ் பேப்பரில் சுற்றித் தருவார், அப்படியே கொடுத்தால் நம் மரியாதை என்ன ஆவது? போன வருஷம் வந்த பெரிய ஸ்வீட் ஸ்டால் பெட்டி பரணில் இருக்கும். துடைத்து, அதில் அடுக்குங்கள். ஒரு வாய் கடித்துவிட்டு, "இது கடைப் பலகாரம் மாதிரி இல்லையே, யாரு செஞ்சது, நம்பர் குடுங்களேன்" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். அக்காவுக்கு ஆர்டர் கூடிப்போனால் அடுத்த தீபாவளிக்கு ராத்திரி எட்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?