பாப்பா பாஸ், மச்சான்!

அபுதாபி
18.5.2025

அன்புள்ள மச்சான்,



போன் இருக்கும்போது கடுதாசி எதுக்குன்னு கேப்பே. இந்த ஊர்ல வாட்ஸ்அப் கால் போகாது. போட்டிம்னு ஒரு ஆப்லதான் பேசணும். அதுல பேசினா உன் அக்கா உடனே ஸ்பீக்கர்ல போட்டுடுவா. நான் அபுதாபியில தும்மினா நம்ம ஊர் அனுமந்தையிலேர்ந்து ‘என்ன, சளியா?’ன்னு விசாரிக்கறாங்க. இது உன்கிட்ட மட்டும் பேச வேண்டிய விஷயம். அதான் லீவுல வர்ற திண்டிவனத்துப் பையன் பெட்டியில வருது.

பாப்பாவோட பிளஸ் டூ ரிசல்ட் மே 9-ந் தேதின்னாங்க. சூப்பர்வைசர் கால்ல விழாத குறையா அன்னிக்கு லீவு வாங்கி வச்சேன். கடைசியில ஒரு நாள் முன்னாடியே, 8-ந் தேதி காலையில 9 மணிக்கே விட்டுட்டாங்க. அங்க ஒன்பதுன்னா இங்க ஏழரை. ஹெல்மெட்டும் பூட்ஸுமா பம்ப் பக்கத்துல நிக்கறேன். உன் அக்கா ‘நானூத்தி எண்பத்தேழு’ன்னு கத்தறது அந்தச் சத்தத்துல எனக்கு ‘எண்ணெய் தீந்துபோச்சு’ன்னு கேக்குது. ‘சம்பளம் வந்ததும் அனுப்பறேன்’னு வச்சுட்டேன். அப்புறம் அவ என்னைப் பேசினது தெருவுக்கே தெரியும். உனக்கும் தெரியும்.

ரூமுக்கு ஜிலேபி வாங்கிட்டுப் போனேன். பாலக்காட்டுக்காரர் ஒருத்தர், ‘ஃபுல் ஏ ப்ளஸ்ஸா?’ன்னார். இல்லைங்க, 600-க்கு 487-ன்னேன். துக்கம் விசாரிக்கற மாதிரி ஜிலேபியை எடுத்துக்கிட்டார். நம்ம மாநிலத்துல 95 சதவீதம் பேர் பாஸாம். அதனால பாஸ்னு சொன்னா எவனும் மதிக்கறதில்லை. நம்ம காலத்துல 1200-க்கு. அதுல நீ 487 வாங்கியிருந்தா அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கே வந்திருக்க மாட்டே.

பாப்பா படிச்ச படிப்பெல்லாம் நான் செல்போன்லதான் பார்த்தேன். பதினொண்ணாவதுல அரசாங்கம் கொடுத்த சைக்கிளை அவ ஓட்டற வீடியோவுல, பின்னாடி மூச்சு வாங்க ஓடறது நீ. ரேங்க் கார்டு அத்தனையிலும் உன் கையெழுத்து. பெற்றோர் கூட்டத்துல அப்பா எங்கேன்னு கேட்டதுக்கு ‘கடல் தாண்டி’ன்னு சொல்ல வேண்டியதை ‘கடல்ல’ன்னு சொல்லித் தொலைச்சே. ரிஜிஸ்டர்ல இன்னிக்கு வரைக்கும் நான் மீனவன்.

என் வேலை என்னன்னு நீயும் சரியாக் கேட்டதில்லை. கடல் தண்ணியிலேர்ந்து உப்பைப் பிரிக்கறதுதான் இங்கயும் வேலை. ஆனா இவங்களுக்கு வேண்டியது தண்ணி. பத்துக் குடம் கடல் தண்ணியை ஒரு மெல்லிசான படலத்துக்குள்ள அழுத்தித் தள்ளினா, சுமாரா நாலு குடம் குடிதண்ணி வருது. மிச்சம் ஆறு குடத்துல உப்பெல்லாம் சேர்ந்து நிக்கும். அதைக் குழாய் போட்டு மறுபடி கடலுக்கே விட்டுடறாங்க! இந்தக் கடல் நம்ம கடலைவிட உப்பு வேற, லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல. அந்தக் குழாயை முதல்ல பார்த்தப்ப என் கை தானா உப்பு வார்ற பலகையைத் தேடுச்சு. உன் பாத்திக்கு அந்தத் தண்ணி கிடைச்சா பாதி வெயில் மிச்சம். வேலை முடிஞ்சு போறப்ப கடையில காசு கொடுத்து உப்பு பாக்கெட் வாங்கறேன். அதுல ‘இந்தியத் தயாரிப்பு’ன்னு போட்டிருக்கு.

இதை பாப்பாகிட்ட பெருமையா சொன்னேன். ‘இதுக்கு ஏம்ப்பா அவ்வளவு தூரம்? நம்ம ஈசிஆர்ல நெம்மேலியிலயே 2013-லேர்ந்து இருக்கே’ன்னா. அன்னிக்கு நெட்வொர்க் சரியில்லைன்னு போனை வச்சது நான்தான்.

உப்பளத்துல அவ கால் வைக்கக் கூடாதுன்னுதான் நான் விமானம் ஏறினேன். கால் வெடிப்பு, கண் கூசல், ஐப்பசி பொறந்தா வானத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறது, இதெல்லாம் உனக்குச் சொல்லணுமா? மழைக்காலத்துக்கு இப்ப 5,000 ரூபா கொடுக்கறாங்க, சரி. அதை வச்சுக்கிட்டு பொங்கல் வரைக்கும் ஓட்ட முடியுமா? அந்தப் பொண்ணு இப்ப என்ன கேக்குது தெரியுமா? பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எல்லாம் உன்னால வந்தது.

பரீட்சை முடிஞ்சதும் உன் பாத்தி வரப்புல வந்து நின்னாளாமே. கடைசித் தண்ணியை ஏன் வெட்டி விடறேன்னு கேட்டதுக்கு, ‘விடாட்டி உப்பு கசக்கும்’னு சொன்னியாம். ராத்திரி எனக்குப் பாடம். கடல் தண்ணி காயக் காய முதல்ல சுண்ணாம்பு படியுமாம், அப்புறம் ஜிப்சம், அதுக்கப்புறம்தான் நாம வார்ற உப்பாம். கடைசித் தண்ணியில மிஞ்சறது மக்னீசியம், கசப்பு அதோடதாம். உன் நாக்கு சொன்னதைத்தான் அவ புஸ்தகமும் சொல்லுது மச்சான். உன் நாக்குக்கு எவனும் மார்க் போடலை, அவ்வளவுதான்.

உன் அக்காவுக்கு நர்சிங்தான் வேணும். நர்ஸானா கல்ஃப் போகலாமாம். ஒரு வீட்டுக்கு ஒரு கல்ஃப் போதும். பாப்பா அஞ்சாவது முடியட்டும் வந்துடறேன்னேன். பத்தாவது முடியட்டும்னேன். பிளஸ் டூன்னேன். இப்ப காலேஜ் முடியட்டும்னு வாயெடுக்கறதுக்குள்ள, ‘அடுத்தது பிஎச்.டி.யாப்பா?’ங்கறா. அவ போனா அவளும் இப்படித்தான் தவணை சொல்லிக்கிட்டிருப்பா.

அதனால நீ திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டுடு. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா அவ கணக்குக்கே வரும். என் பணம் லேட்டானாலும் அது வந்துடும்னு இப்பவே சொல்லிக் காட்டறா. உன் அக்கா சத்தம் போட்டா, இது தாய்மாமன் முடிவுன்னு சொல்லிடு. சீர் தட்டு தூக்கறதுக்கு மட்டுமா தாய்மாமன்?

இந்தக் கடுதாசியை உன் அக்காகிட்ட காட்டாதே. நீ காட்டுவே, உன்னைத் தெரியும். நர்சிங் பத்தி எழுதின தாளை மட்டும் உருவிட்டு மிச்சத்தைக் கொடு. ஒரு தாள் குறையுதேன்னு கேட்டா, திண்டிவனத்துப் பையன் பேரீச்சம்பழத்தை அதுலதான் மடிச்சான்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் மாமா