முளைப்பயறு கழுவுவது எப்படி: சுத்தம் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். பயறைச் சந்தேகிக்காதீர்கள். அது களத்தில் காய்ந்தபோது மாடு மிதித்ததா, கிடங்கில் எலி ஓடியதா என்றெல்லாம் கேட்டால் கடைக்காரர் வருத்தப்படுவார்.

அடுத்து, தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள். யு.வி. இயந்திரம் இருந்தால் பெருமைப்படலாம். அந்த விளக்கு தன்னைக் கடந்து ஓடும் தண்ணீரில் உள்ள கிருமியை மட்டும் முடக்கும். கிண்ணத்தில் விழுந்தபின் நடப்பதற்கு அது பொறுப்பல்ல. ஆர்.ஓ. இன்னும் உயர்ந்தது. குழாய்த் தண்ணீரில் காவலுக்கு இருந்த குளோரினையும் வடிகட்டிவிட்டுத்தான் தரும். ஓசோன் செலுத்திய கேன் தண்ணீரா? கேன் மாடி ஏறுவதற்குள் ஓசோன் ஆக்சிஜனாகியிருக்கும். கொதித்து ஆறிய தண்ணீர் பழைய பாணி. ஆனால் கொதித்தது தண்ணீர்தான், பயறு இல்லை. (லாரித் தண்ணீர் புதுக் கிருமியைக் கொண்டுவரலாம். அதனால் நல்ல தண்ணீர் வேண்டும்தான். அதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதைத்தான் இந்த வழிகாட்டி கேலி செய்கிறது.)

குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருந்தால் போதும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு. பயறில் ஒட்டிய மண்ணும் தூசியுமே அதைத் தின்று தீர்த்துவிடும். அமெரிக்காவில் முளைகட்டி விற்பவர்களுக்கு, விதையை ஊறவைக்கும் கரைசலுக்கு உதாரணமாக 1999-இல் அரசு சொன்ன அளவு 20,000 பி.பி.எம். கால்சியம் ஹைப்போகுளோரைட். ஏறத்தாழ லட்சம் மடங்கு! அப்படியும் விதைத்தோலின் விரிசலுக்குள் பதுங்கிய கிருமி தப்பிவிடுவதுண்டு. உடனே பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தேடாதீர்கள். அது சமையலறைப் பொருள் அல்ல.

இனி முக்கியமான கட்டம். எட்டு மணி நேரம் ஊறிய பயறை ஈரத்துணியில் இறுகக் கட்டி, அடுப்பங்கரையின் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். ஈரம், சூடு, சத்து மூன்றும் ஒரே மூட்டையில். பயறு வால் விடுவதற்குள் அதன்மேல் இருந்த நாலைந்து கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகிவிடலாம். நடுவே இரண்டு தடவை அலசினால் மனதுக்கு நிம்மதி. கிருமிக்கும் ஈரம் குறையாது.

2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலி கிருமி பரவி, ஏறக்குறைய நாலாயிரம் பேர் நோயுற்றார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது. கடைசியில் விசாரணை வந்து நின்ற இடம், வடக்கு ஜெர்மனியில் முளைவிதை வளர்க்கும் ஒரு பண்ணை. பெரும்பாலும் காரணம் 2009-இல் எகிப்திலிருந்து வந்த வெந்தயம் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அது சரியென்றால் காய்ந்த விதையோடு ஒன்றரை வருடம் சும்மா கிடந்த கிருமி, ஈரம் பட்டதும் எழுந்துகொண்டிருக்கிறது. நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம்தான்.

பரிமாறும் முறை: பச்சையாக, எலுமிச்சை பிழிந்து. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதால், அவர்கள் பங்கை மட்டும் ஆவி பறக்க வேகவைத்து, கடுகு தாளித்து, தேங்காய்ப்பூ தூவிச் சுண்டலாக்குங்கள். வாசனை வந்ததும் மற்றவர்களும் தட்டை நீட்டுவார்கள். தடுக்காதீர்கள்.