978

978ஐ 981 ஆக்கியவன் நான். 1991ஆம் வருஷம், பி.எஸ்ஸி. முதலாண்டு, ஒரு புதன்கிழமை மத்தியானம். வித்தியாசம் மூன்றே மூன்று. அந்த மூன்றுக்காக முப்பது வருஷம் மனசுக்குள் பொருமினேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மனைவி நம்புவாள். கேட்டுக் கேட்டு அலுத்தவள்.

அப்போதும் எங்கள் வீடு பெங்களூர் அடுகோடியில்தான். (தபாலில் அடுகோடி, வாயில் ஆடுகோடி. ஊசலைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு இரண்டாவதுதான் தோது.) எங்கள் தெருவில் யார் வீட்டு நைனாவைக் கேட்டாலும் ஒன்று மைக்கோ கம்பெனி, இல்லையென்றால் பால் டைரி. என் நைனா மைக்கோ. டீசல் பம்பு, ஸ்பார்க் பிளக்கு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பற்றி, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சர்வசாதாரணமாகப் பேசுவார். அவர் பிள்ளை ஃபிசிக்ஸ் படிப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகத் தெருவே நினைத்தது. உண்மை வேறு: என்ஜினியரிங்குக்கு மார்க் எட்டாதவர்கள் கரை ஒதுங்கிய துறைதான் அன்றைக்குப் பி.சி.எம். ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ். கல்லூரி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம்.

பத்தாவது வரை தமிழில் படித்தவன் நான். நிலைமம், உந்தம், முடுக்கம் எல்லாம் எனக்கு அத்தை மாமா மாதிரி. கல்லூரியில் அவர்கள் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு இனர்ஷியா, மொமெண்டம், ஆக்சிலரேஷன் என்று வந்து நின்றார்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் ஹாசன் பக்கத்திலிருந்து வந்தவன். அவனுக்கு அதே ஆட்கள் ஜடத்வ, சம்வேக, வேகோத்கர்ஷ. வாத்தியார் இங்கிலீஷில் நடத்துவார், நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பாஷையில் முழிப்போம். ஆறு மாதத்தில் அவனுக்கு முடுக்கம் தெரிந்தது, எனக்கு வேகோத்கர்ஷம் தெரிந்தது. ஆக்சிலரேஷன் என்றால் என்ன என்பதுதான் இருவருக்கும் கொஞ்சம் மங்கல்.

முதல் வகுப்பிலேயே சர் சி.வி. ராமன் வந்துவிட்டார். கல்கத்தாவில் கண்டுபிடித்ததை அவர் 1928 மார்ச் 16 அன்று விரிவாகச் சொற்பொழிவாற்றி அறிவித்தது நம்ம பெங்களூரில்தான் என்று வாத்தியார் மேஜையைத் தட்டினார். பிறந்தது திருச்சி என்று நான் முணுமுணுத்தேன். கல்கத்தாக்காரன் ஒருவன் வகுப்பில் இருந்திருந்தால் சண்டை முழுமை பெற்றிருக்கும். "இயற்கை என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள்" என்று வாத்தியார் முடித்தார். நல்ல பேச்சு. நான் அதை நம்பியதுதான் தப்பு.

லேபில் எனக்கு விழுந்தது பார் பெண்டுலம். ஒரு மீட்டர் இரும்புப் பட்டை, வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையாகக் கத்தி முனையில் மாட்டி ஆட்டிவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை செகண்டு என்று ஸ்டாப் கிளாக்கில் பார்க்க வேண்டும். கிராஃப் போட்டால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டில் கட்டினமாதிரி இரண்டு வளைவு வரும். குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அது நாலு இடத்தில் வெட்டும். அந்த வெட்டுகளிலிருந்து நீளம், நீளத்திலிருந்து லாக் புக்கைப் புரட்டிப் புரட்டி ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து நாலேகாலுக்கு எனக்குச் சென்டிமீட்டர் கணக்கில் விடை வந்தது. 978.

"எஷ்டு பந்து?" எவ்வளவு வந்தது என்றார் அட்டெண்டர், ஸ்டாப் கிளாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டே.

சொன்னேன்.

"981 பரபேகு", 981 வர வேண்டும் என்றார், உப்புக் குறைந்த சாம்பாரைப் பற்றிச் சொல்கிற குரலில்.

வாத்தியாரும் நோட்டைப் பார்த்தார். "இன்னொம்மெ மாடு" என்று தள்ளிவிட்டார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மணி நாலரை, பஸ்ஸில் கடைசி சீட்டாவது வேண்டும். அப்போதுதான் ஹாசன்காரன் எனக்கு ஃபிசிக்ஸின் மெய்யான முதல் பாடத்தை நடத்தினான். ரீடிங்கைக் குக் பண்ணுவது. மேலிருந்து கீழே வரக் கூடாது, கீழிருந்து மேலே போக வேண்டும். 981ஐ எழுது. லாக் புக்கில் பின்னோக்கி நட. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை செகண்டு என்று வரும், இருபதால் பெருக்கு. முதல் தடவைக்கு ஒரு 0.2 கூட்டு, இரண்டாம் தடவைக்கு 0.2 குறை, இரண்டும் ஒன்றாக இருந்தால் மாட்டிக்கொள்வாய். பென்சிலை மாற்று. நடுவில் ஒரு எண்ணை அடித்துத் திருத்து, அப்போதுதான் உயிர் வரும். கிராஃப் ஷீட் செலவு தனி. நாலு ஐம்பதுக்கு 'வெரி குட்' கிடைத்தது.

அந்த டிசம்பரில் காவிரிக் கலவரம். ஒரு வாரம் தெருவில் நாங்கள் தமிழ் பேசவில்லை. வீட்டுக்குள்ளும் தணிந்த குரல்தான். ரெக்கார்டு சமர்ப்பிக்கும் தேதி பார்த்துப் பார்த்து அந்த வாரத்தில் வந்து விழுந்தது. ஹாசன்காரன் சைக்கிளில் வந்தான், அம்மா கொடுத்த காபியைக் குடித்தான், என் ரெக்கார்டை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். என்னுடையதிலும் 981, அவனுடையதிலும் 981. ஊரில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பாஷைக்காரர்கள் அந்த ஒரு எண்ணில் ஒத்துப்போயிருந்தோம்.

படித்து முடித்து நான் ஃபிசிக்ஸ் பக்கம் போகவில்லை. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. மேலிடம் ஒரு எண்ணைச் சொல்லும், கீழே அதற்குத் தகுந்த ரீடிங்கை நாம் தயார் செய்ய வேண்டும். பார் பெண்டுலம் இவ்வளவு உபயோகப்படும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

ரொம்ப நாள் கழித்து, நாற்பது வயதுக்கு மேல், ஒரு புத்தகத்தில் ழான் ரிஷேரைச் சந்தித்தேன். 1672இல் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் என்ற ஊருக்குக் கிரகங்களைப் பார்க்கப் போன ஆள். பாரிஸில் ஒழுங்காக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிஷம் பிந்தியது. ஆள்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. (அவர்களுக்குள் எங்கள் அட்டெண்டரின் மூதாதையர் ஒருவர் இருந்திருப்பார்.) கடிகாரத்தில் கோளாறு இல்லை, பூமி நடுவில் புடைத்திருக்கிறது, அதனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு குறைவு என்று 1687இல் நியூட்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். புடைப்பு சுமார் 21 கிலோமீட்டர். அதோடு பூமி சுற்றுகிற சுற்றில் ஈர்ப்பின் ஒரு பங்கு கழிந்துபோகிறது. மலைமேல் ஏறினால் இன்னும் கொஞ்சம்.

பெங்களூர் நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரியில், கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். காகிதத்தை எடுத்தேன். உலகம் முழுக்கப் பொதுவாக இருக்கட்டும் என்று 1901இல் முடிவு செய்த ஜி 980.665, அது 45 டிகிரி அட்சரேகையை மனதில் வைத்துச் செய்தது. எங்கள் புத்தகத்து 981 லண்டன், பாரிஸ் பக்கத்துச் சரக்கு. அடுகோடிக்கு எவ்வளவு? மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் 978. பாரிஸ் கடிகாரத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினால் நாளுக்கு இரண்டு நிமிஷம் பிந்தும். நைனா கார்டு பஞ்ச் பண்ண இரண்டு நிமிஷம் லேட்டானதற்கெல்லாம் பூமியின் புடைப்பைக் காரணம் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு தப்பான விடையைத் திருடியவன் இந்தப் பிரபஞ்சத்தில் நான் ஒருவன்தான் என்று பட்டது. உறவினர் கல்யாணங்களில் சொன்னேன். ஆபீசில் சொன்னேன். மைக்கோ என்ற பெயர் 2008இல் பாஷ் ஆகி, 2022இல் அந்த இடம் ஸ்பார்க் நெக்ஸ்ட் என்ற கண்ணாடி வளாகமாகத் திறந்தபோது, அதைக் காட்ட நைனாவைக் கூட்டிக்கொண்டு போன ஆட்டோவிலும் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தா நானே வந்து அளந்திருப்பேனேடா" என்றார் நைனா. மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு வந்திருப்பார், சந்தேகமில்லை.

மகள் 2021இல் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். அதே ஃபிசிக்ஸ். ஆனால் பி.சி.எம். என்கிற மூன்றெழுத்து அந்த வருஷம்தான் ஒழிந்திருந்தது: புதிய கல்விக் கொள்கை, இரண்டு முக்கியப் பாடம், நாலு வருஷம். 2024இல் கர்நாடக அரசு அதைக் கைவிட்டு மூன்று பாடம், மூன்று வருஷத்துக்கே திரும்பியது. போய்த் திரும்ப மூன்று வருஷம். அலைவு நேரம் பார்க்க ஸ்டாப் கிளாக்கே வேண்டாம்.

கொரோனாவின் மிச்சம் இருந்த நாட்களில் அவளுடைய லேப் என்பது சாப்பாட்டு மேஜை மேல் லேப்டாப். திரையில் ஓர் ஊசல் ஆடியது. 2001இல் நோபல் வாங்கிய கார்ல் வைமன் அடுத்த வருஷமே ஆரம்பித்துவைத்த 'ஃபெட்' என்கிற விளையாட்டுக் கூடம். அழகான வேலை, இலவசம். ஈர்ப்பு எவ்வளவு என்று கேட்டு ஒரு பட்டியல் நீட்டுகிறது. நிலா இருந்தது. பூமி இருந்தது. வியாழன் இருந்தது. 'எக்ஸ்' என்று பெயரே இல்லாத ஒரு கோள்கூட இருந்தது. அடுகோடி இல்லை. பூமியை அழுத்தினால், மீட்டர் கணக்கில், 9.81. நாங்கள் வியர்க்க வியர்க்கக் குக் பண்ணியதை இப்போது சமைத்தே பொட்டலமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டேன். 978, அட்டெண்டர், ரிஷேர், புடைப்பு, எல்லாம். முழுசாகக் கேட்டாள். பிறகு, "எத்தனை ஆட்டம் எண்ணுனீங்கப்பா?" என்றாள்.

"இருபது."

"மொத்தம் எவ்ளோ செகண்டு?"

"முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு."

"கையால அழுத்துற ஸ்டாப் கிளாக்கு. 0.2 செகண்டு கூடக் குறைய இருக்கும்ல? அது காலத்துல 0.65 சதவீதம். ஜி-யில காலம் இருமடில வருது, அப்ப 1.3 சதவீதம்." விரலால் மேஜையில் எழுதினாள். "உங்க விடை 978 இல்லப்பா. 978, கூட்டல் கழித்தல் பதிமூணு. 965லேர்ந்து 991 வரைக்கும் எது வந்திருந்தாலும் ஒண்ணுதான். உங்களுக்கு 978 வந்தது லக்கு. 981 வந்திருந்தா அதுவும் லக்கு."

"அப்ப அந்த வாத்தியாரு?"

"அவரும் தப்பு. 'இன்னொரு தடவை செய்'னு சொல்லியிருக்கக் கூடாது. 'எவ்ளோ பிழை'னு கேட்டிருக்கணும்."

மூன்று வருஷப் படிப்பில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ரெக்கார்டில் பிழை என்ற தலைப்பின் கீழ் எல்லோரும் எழுதிய வரி ஒன்றுதான்: காற்றின் தடை. எது கேட்டாலும் காற்றின் மேல் போட்டுவிடுவோம். முப்பது வருஷம் தடவித் தடவி வளர்த்த மனக்குறையை ஒரு பெண் சாப்பாட்டு மேஜையில் அரை நிமிஷத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டாள். பக்கத்து லக்கசந்திராவில் மெட்ரோவுக்காகப் பூமியைக் குடைந்திருக்கிறார்களே, அதனால் நம்ம ஜி இன்னும் குறைந்திருக்குமா என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் ஒரு பழைய அட்டெண்டர் தெரிந்தார்.

978தான் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஒரு மீட்டர் நூல், ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல். கனமான குண்டு. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஆடவிடக் கூடாது. ஐந்நூறு ஆட்டம் எண்ண வேண்டும். அப்போதுதான் 978க்கும் 981க்கும் நடுவில் ஒன்றரை செகண்டு இடைவெளி கிடைக்கும். அதைக் கையாலேயே பிடித்துவிடலாம். மொத்தம் பதினேழு நிமிஷம்.

வராந்தா கிரில்லில் நூல் கட்டி, கேட்டுப் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் தடவை 312இல் கேஸ் சிலிண்டர்காரர் வந்தார். இரண்டாம் தடவை 190இல் நைனா வந்து, எத்தனை ஆச்சு என்று கேட்டார். மூன்றாம் தடவை நானே கணக்கை விட்டேன். இன்னும் ஐந்நூறு ஆகவில்லை. வீட்டுக்குப் பூட்டு வேண்டுமென்று மனைவி கேட்கிறாள்.